பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கும் குத்தகையாளரை நம்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறோம். இரண்டு குளியலறைகளையும் சமையலறையையும் புதுப்பிக்க வேண்டும். உறவினர் ஒருவர் சிபாரிசு செய்த குத்தகையாளர் (ஒப்பந்தக்காரர்), மற்ற இருவரைவிடக் குறைந்த விலை சொல்கிறார். ஆனால் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். குத்தகையாளரின் நாணயத்தை அவர் சொல்லும் விலையைவிட அவர் பணம் கேட்கும் முறை தெளிவாகக் காட்டிவிடும். முன்பணத்தை 10 முதல் 20 விழுக்காட்டுக்குள் நிறுத்தி, எஞ்சியதை இடிப்பு வேலை, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, தரை ஓடு, அலமாரி என ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு தரும்படி பிரித்து, குறைகள் யாவும் சரிசெய்யப்படும் வரை கடைசித் தவணையாகக் கணிசமான ஒரு தொகையைக் கையில் வைத்திருங்கள். இதற்கு இணங்காதவரை, யார் சிபாரிசு செய்திருந்தாலும், தவிர்த்துவிடுங்கள்.

வீவக வீடுகளில் புதுப்பிப்புப் பணியை அக்கழகத்தின் பட்டியலில் பதிவுபெற்ற குத்தகையாளர்களே செய்யலாம் என்பதால், அவரது நிறுவனம் அதில் உள்ளதா என்று வீவக இணையத்தளத்தில் பாருங்கள். விலைப்புள்ளியிலும் ரசீதிலும் அதே பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பெயர்கள் மாறியிருந்தால், தகராறு வரும்போது யாரைப் பொறுப்பாக்குவது என்பதே சிக்கலாகிவிடும். மின்கம்பி வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் தேவை.

விலை எதனால் குறைந்தது என்று கேளுங்கள். குளியலறையைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியாத நீர்க்கசிவுத் தடுப்பு வேலையில்தான் செலவை எளிதாகக் குறைக்க முடியும் என்பதால், பழைய ஓடுகளைப் பெயர்ப்பதும் இடிபாடுகளை அகற்றுவதும் விலையில் அடங்குமா, எந்தப் பூச்சு எத்தனை முறை பூசப்படும், பூசிய பின் தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிப்பார்களா என்பவற்றை விலைப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓடு பதித்த பிறகு இதைக் கண்டறிய வழியில்லை. பின்னாளில் கீழ்வீட்டு உட்கூரையில் கசிந்தால், சரிசெய்யும் பொறுப்பில் உங்களுக்கும் பங்கு உண்டு.

பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால், அது நொடித்துப்போனாலோ மூடப்பட்டாலோ உங்கள் முன்பணத்துக்குக் காப்பு உண்டு. அந்தக் காப்பு வேலையின் தரக்குறைவுக்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

தரக்குறைவுக்கு இழப்பீடு கோரும் நிலை வந்தால், 20,000 வெள்ளி (டாலர்) வரையிலான வழக்குகளையும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலானவற்றையும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே எழுத்தில் உள்ள சான்றுகளே உங்களுக்குக் கைகொடுக்கும் என்பதால், வேலைக்கு நடுவே வாய்மொழியாகப் பேசிய மாற்றங்களையும் கூடுதல் கட்டணத்தையும் அன்றன்றே வாட்ஸ்அப்பில் எழுதி, அவரது ஒப்புதலைப் பெற்று வையுங்கள்.