மாண்ட்ரேக்கை ஏன் சினிமாவால் பிடிக்க முடியவில்லை?

"டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்கு முன்பே காமிக்ஸில் மந்திரவாதி ஹீரோ உண்டா? மாண்ட்ரேக்கை வைத்து ஏன் ஒரு பெரிய படம்கூட வரவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, அதுவும் மாண்ட்ரேக்கேதான். மார்வெல் காமிக்ஸின் ஸ்ட்ரேஞ்ச் 1963-இல் வந்தவர். மாண்ட்ரேக் 1934 ஜூன் 11 அன்றே அமெரிக்க நாளிதழ்களில் அடியெடுத்து வைத்துவிட்டார். சூப்பர்மேனுக்கே நான்கு வருடம் மூத்தவர். சூப்பர்மேன் அறிமுகமான அதே 1938 இதழில் ஸடாரா என்று ஒரு மந்திரவாதியும் வருவார். உயரத் தொப்பி, மீசை, பலசாலித் துணைவன் என்று எல்லாமே மாண்ட்ரேக்கின் அச்சு. நான்கே வருடத்தில் நகல் எடுக்கும் அளவுக்கு மாண்ட்ரேக் ஓடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் அறிமுகமானது முத்து காமிக்ஸ் வழியாக. 1972-இல் இரும்புக்கை மாயாவி என்ற ஹீரோவின் கதையோடு சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ், மாண்ட்ரேக்கையும் தமிழ் பேச வைத்தது. எங்கள் தெருக்கோடி லெண்டிங் லைப்ரரியிலிருந்து சித்தப்பா வாடகைக்கு எடுத்து வருவார். சாணித்தாள், கறுப்பு மை, ஓரம் மடிந்த அட்டை. அவர் படித்து முடிக்கும்வரை தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்போது பார்த்த வித்தை இன்றும் கண்ணில் நிற்கிறது. பக்கத்தின் ஒரு படக்கட்டத்தில் வில்லன் துப்பாக்கியை நீட்டுவான். மாண்ட்ரேக்கின் விரல்கள் லேசாக அசையும். அடுத்த கட்டத்தில் வில்லன் கையில் நெளிவது பாம்பு. அலறிக்கொண்டு அதை உதறுவான். அதற்கும் அடுத்த கட்டத்தில் தரையில் கிடப்பது அதே துப்பாக்கி. பாம்பு எப்போது வந்தது, எப்போது போனது? இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளை இடுக்கில்தான். துப்பாக்கி பாம்பாக மாறுவதை யாருமே வரையவில்லை. நம் மனசு மாற்றிக்கொள்கிறது. மாண்ட்ரேக் வில்லனுக்குச் செய்யும் மனோவசியத்தைத்தான் அந்தப் பக்கம் நமக்கும் செய்கிறது. உங்கள் கேள்விக்கான பதில் இதற்குள்ளேயே இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இவரைப் படைத்த லீ ஃபாக், செயின்ட் லூயிஸ் ஊர்க்காரர். தொடர் வெளியானபோது அவருக்கு வயது 23. மாதிரிப் படங்களைத் தானே வரைந்துதான் நாளிதழ்களுக்குத் தொடர்களை விற்கும் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனத்திடம் போனார். பிறகு வரையும் வேலையை ஃபில் டேவிஸிடம் ஒப்படைத்தார். 1936-இல் அடுத்த படைப்பும் வந்தது. ராணி காமிக்ஸ் நமக்கு மாயாவி என்று கொடுத்த ஃபேண்டம்தான் அது (இரும்புக்கை மாயாவி வேறு). ஆரம்பக் கதைகளில் மாண்ட்ரேக் நிஜ மந்திரமே செய்வார். போகப் போக ஃபாக் அதைக் கண்கட்டு வித்தையாகச் சுருக்கினார். பொருள் மாறாது, பார்ப்பவன் கண்தான் ஏமாறும். எல்லாம் வல்ல மந்திரவாதிக்குக் கதையில் ஆபத்தே இருக்காது. இவருடைய வித்தைக்கும் எல்லை உண்டு என்று ஆனதும் ஒவ்வொரு கதையிலும் நெஞ்சு படபடத்தது.

மாண்ட்ரேக்கின் பலசாலித் துணைவன் லொதாரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகளின் இளவரசன். அரியணையை விட்டுவிட்டு நண்பனோடு வந்தவன். ஆனால் முப்பதுகளில் அவனை எப்படி வரைந்தார்கள் தெரியுமா? சிறுத்தைத் தோல், தலையில் துருக்கித் தொப்பி, உடைந்த ஆங்கிலம், வேலைக்காரன் நடை. பழைய தொகுப்புகளில் அதைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. 1964 டிசம்பரில் டேவிஸ் இறந்து, அடுத்த வருடம் ஃப்ரெட் ஃப்ரெட்ரிக்ஸ் வரைய வந்த பிறகுதான் லொதார் மற்றவர்களைப் போலப் பேசினான், நல்ல உடை உடுத்தினான், மாண்ட்ரேக்குக்குச் சமமாக நடந்தான். நான் ஃப்ரெட்ரிக்ஸை அதிகம் மதிப்பது இதற்காகத்தான். 1999-இல் ஃபாக் மறைந்ததும் கதையையும் அவரே எழுதினார். 2013 ஜூலையில், ஒரு கதை பாதியில் இருக்கும்போதே ஓய்வு பெற்றார். புதிய நாளிதழ்க் கதைகள் அதோடு நின்றன.

இனி திரை. 1939-இல் கொலம்பியா பட நிறுவனம் 12 பாகத் தொடர்படம் எடுத்தது. வாரன் ஹல் மாண்ட்ரேக். மனோவசியத்தை ஓரங்கட்டிவிட்டு மேடை வித்தைக்காரராக்கி, கைகலப்பில் இறக்கிவிட்டார்கள். 1954-இல் தொலைக்காட்சித் தொடருக்கான ஒரு மாதிரிப் பாகம், 1979-இல் ஆன்டனி ஹெரேரா நடித்த தொலைக்காட்சிப் படம். இரண்டுமே தொடராக வளரவில்லை. 1986-இல் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' என்ற 65 பாகக் கார்ட்டூனில் விண்வெளி ஹீரோ ஃப்ளாஷ் கோர்டன், ஃபேண்டம், லொதாரோடு நால்வரில் ஒருவராக வந்தார். 2016-இல் சாஷா பேரன் கோஹன் நடிப்பதாக ஒரு படம் அறிவித்தார்கள், அதுவும் வரவில்லை. அதே 2016-இல்தான் ஸ்ட்ரேஞ்ச் உலகம் முழுக்கத் தியேட்டர்களில் ஓடினார்.

உரிமை, பணம் என்று பல காரணங்கள் இருக்கலாம். எனக்குப் படுவது இது: ஸ்ட்ரேஞ்சின் மாயத்தைக் காட்டக் காட்டத்தான் அழகு. ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்த விசித்திர உலகங்கள் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்காகவே காத்திருந்தவை. மாண்ட்ரேக்கின் மாயம் காட்டாமல் விடுவதில் இருக்கிறது. துப்பாக்கி பாம்பாக உருகி மாறுவதைக் கேமரா காட்டிவிட்டால், அது இன்னொரு கிராஃபிக்ஸ் காட்சி, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்ட இயக்குநர் ஒருவர் இருந்தார்: இத்தாலியின் ஃபெலினி. மாண்ட்ரேக்கை நடிகர் மார்செல்லோ மாஸ்ட்ரோயானியை வைத்து எடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை, நடக்கவில்லை. ஆனால் 1987-இல் வந்த அவருடைய 'இன்டெர்விஸ்டா' படத்தைத் தேடிப் பாருங்கள். விளம்பரம் ஒன்றுக்காக மாண்ட்ரேக் வேஷம் போட்ட மாஸ்ட்ரோயானி, அதே உடையோடு நடிகை அனிதா எக்பெர்க் வீட்டுக்குப் போவார். இருவருக்கும் வயதாகிவிட்டது. கையிலிருக்கும் மந்திரக்கோலை ஆட்டுவார். ஒரு வெள்ளைத் துணி விரியும். அதில், ஏறக்குறைய முப்பது வருடத்துக்கு முன் இருவரும் சேர்ந்து நடித்த படம் ஓடும். துணி எங்கிருந்து வந்தது, யார் ஓட்டுகிறார்கள் என்று படம் சொல்லாது. இளமையான தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எக்பெர்க் உட்கார்ந்திருப்பார்.

திரையில் நான் பார்த்த மாண்ட்ரேக்குகளில் அவர் ஒருவர்தான் சித்தப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று நான் பார்த்த மாண்ட்ரேக்.