அனுராதபுரம் ஒருநாள் சுற்றுலா: கார் பேசும் முன் கேட்க வேண்டியவை

விடுமுறைக்கு இலங்கை போகும் குடும்பங்கள் பெருகிவிட்டன. அனுராதபுரம் பற்றி மட்டும் பல கடிதங்கள் வந்திருப்பதால் அவற்றை ஒரே பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், 71 வயது மாமியாரும் கூட வருகிறார். தம்புள்ளையில் தங்கி, ஒரு நாள் அனுராதபுரம் போய்வர எண்ணம். மூன்று இடத்தில் விலை கேட்டோம். ஒருவர் காரும் டிரைவரும் மட்டும் தருகிறார். இன்னொருவர் “டிரைவரே கைடு” என்று சொல்லி, முதலாமவரைப் போல ஒன்றரை மடங்கு கேட்கிறார். மூன்றாமவர் கார் தனி, அங்கே போய் கைடு தனி என்கிறார். எதை எடுப்பது? (வாசகி, திருச்சி)

பதில்: இரண்டாவதை எடுங்கள். ஆனால் அவர் உண்மையிலேயே கைடுதானா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

இலங்கையில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு உரிமம் உண்டு. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை அதைக் கொடுக்கிறது. நாடு முழுவதற்குமான வழிகாட்டிகள், ஒரு பகுதிக்கு மட்டுமானவர்கள், ஒரே தலத்துக்கு மட்டுமானவர்கள் என்று வகைகள் இருக்கின்றன. வண்டியையும் ஓட்டி வழியும் காட்டுகிறவர்கள் தனி வகை. இவர்களுக்கும் பயிற்சி உண்டு, படம் ஒட்டிய அட்டை உண்டு. உங்களிடம் ஒன்றரை மடங்கு கேட்பவரிடம் அந்த அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பெயர், எந்த வகை, எதுவரை செல்லும் என்று மூன்றையும் பாருங்கள். முறையாக உரிமம் வாங்கியவர் கேட்ட உடனே அனுப்பிவிடுவார். “இருபது வருஷமா ஓட்டுறேன், எனக்கு எதுக்கு அட்டை?” என்று பதில் வந்தால், அவர் நல்ல டிரைவராக இருக்கலாம். ஆனால் கைடு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கைடுக்கு இவ்வளவு செலவு தேவையா என்று தோன்றும். சிகிரியாவில் என்றால் கண்ணுக்கு எதிரே மலை நிற்கிறது, ஏறினால் ஓவியம் இருக்கிறது. அனுராதபுரம் அப்படி இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் அது. சுமார் 40 சதுர கிலோமீட்டர் பரப்பில், காட்டுக்கும் ஏரிகளுக்கும் இடையே சிதறிக் கிடக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லையென்றால் மூன்றாவது இடிபாட்டுக்கு அப்புறம் பிள்ளைகள் காரை விட்டு இறங்க மாட்டார்கள்.

குட்டம் பொக்குண என்ற இரட்டைக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் டிரைவர் என்றால் கரையில் நிறுத்தி போட்டோ எடுக்கச் சொல்வார், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். விஷயம் தெரிந்தவர் உங்களைச் சின்னக் குளத்தின் ஓரத்துக்கு நடத்திப் போவார். அங்கே தரையோடு தரையாகச் சிறு கல்தொட்டிகள் இருக்கும். வாய்க்கால் தண்ணீர் முதலில் அவற்றில் தேங்கி, மண்ணும் சேறும் அடியில் படிந்த பிறகுதான் கல்லில் செதுக்கிய மகர விலங்கின் வாய் வழியாகக் குளத்துக்குள் விழும். பக்கத்திலேயே ஐந்து தலை நாகம் செதுக்கிய கல். துறவிகள் குளிக்கும் தண்ணீரை அந்தக் காலத்திலேயே வடிகட்டி விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகராது. ஜேதவன தூபியும் இப்படித்தான். பார்வைக்குப் பெரிய செங்கல் மேடு. மகாசேன மன்னன் தொடங்கிவைத்த அது கட்டி முடிந்தபோது சுமார் 122 மீட்டர் உயரம். எகிப்தின் இரண்டு பெரிய பிரமிடுகளை விட்டால் அன்றைய உலகில் அதைவிட உயரமான கட்டடம் கிடையாது. இன்று 71 மீட்டர் நிற்கிறது. ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட செங்கற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆளைச் சோதிக்க ஒரு கேள்வி சொல்கிறேன். போனில் பேசும்போதே “எல்லாளன் சமாதியைக் காட்டுவீர்களா?” என்று கேளுங்கள். எல்லாளன் சோழ நாட்டிலிருந்து போய் அங்கே 44 ஆண்டுகள் ஆண்டதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்றும் அதே நூல்தான் சொல்கிறது. நம் திருவாரூர் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணிக் கதையும் கன்றுக்குட்டிக் கதையும் அங்கே எல்லாளன் பெயரில் வருகின்றன. அவனைப் போரில் கொன்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவே அவனுக்கு நினைவிடம் எழுப்பி, எல்லோரும் மரியாதை செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டானாம். ஊரின் தெற்கே உள்ள ஒரு மேட்டை வெகுகாலம் அந்தச் சமாதி என்றே நம்பினார்கள். பிறகு தொல்லியல் அறிஞர் பரணவிதான அதைத் தோண்டி ஆராய்ந்து, அது தக்கிண தூபி என்ற பௌத்தத் தூபி என்றார். இந்த இரண்டு பக்கத்தையும் சொல்லத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். கேட்ட பணத்துக்கு மேலே கொடுத்தாலும் தகும்.

மூன்றாவது யோசனையும் மோசமில்லை. தலத்துக்கு என்றே உரிமம் பெற்றவர் உங்கள் காரிலேயே ஏறிக்கொண்டு சுற்றிக் காட்டுவார். ஆனால் ஐந்து பேரும் டிரைவரும் இருக்கும் காரில் அவர் எங்கே உட்காருவார்? வேன் எடுத்தால் சரி.

மொழியையும் முன்பே பேசிவிடுங்கள். தமிழில் விளக்கக்கூடிய ஓட்டுநர்-வழிகாட்டிகள் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் விளக்குவோரைப் போல நிறையப் பேர் இல்லை. உங்கள் மாமியாருக்கு ஆங்கிலம் வராது என்றால் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று சொல்லி, சீக்கிரமே பதிவு செய்யுங்கள்.

மாமியாருடைய கால்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஸ்ரீ மகா போதி என்ற புனித அரசமரம், ருவன்வெலிசாய என்ற பெரிய தூபி இரண்டும் வழிபாட்டு இடங்கள். செருப்பையும் தொப்பியையும் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ருவன்வெலிசாயவைச் சுற்றியுள்ள கல்தளம் பத்து மணிக்கு மேல் கொதிக்கும். சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டையும் காலையிலேயே முடித்துவிட்டு, உச்சிவெயிலில் மர நிழல் அதிகமுள்ள, பழைய மடாலயமான அபயகிரி பக்கம் போகும்படி நேரத்தை வகுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள மிகிந்தலை மலைக்கு 1,840 படிகள் என்பார்கள். பயப்பட வேண்டாம், பாதிக்கு மேல் கார் ஏறும். ஆனால் மேலே இன்னும் படிகள் பாக்கி இருப்பதால் அவரை அன்று மிகிந்தலைக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதே நல்லது.

பேசியதை எல்லாம் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி “சரி” என்று பதில் வாங்குங்கள். என்ன வண்டி, ஏசி உண்டா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, பெட்ரோலும் பார்க்கிங்கும் யார் கணக்கு, டிரைவர் பேட்டாவும் சாப்பாடும் உள்ளடக்கமா என்பதெல்லாம் அதில் வரட்டும். வாடகைக்கு ஓடும் வண்டிக்கான காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொந்த உபயோக வண்டியை அவசரத்துக்கு அனுப்பிவிடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கடைசியாக இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அட்டையில் உள்ள அதே நபர்தான் வர வேண்டும், நாங்கள் கேட்காமல் எந்தக் கடையிலும் நிறுத்தக் கூடாது. மாத்தளை, தம்புள்ளை சாலையில் மசாலாத் தோட்டம், பாத்திக் துணி, மரச்சிற்பம், ரத்தினக்கல் என்று வரிசையாகக் கடைகள். அங்கே வண்டியை நிறுத்தினால் டிரைவருக்குக் கமிஷன் கிடைக்கும். வாடகையை அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்தால் அவர் அந்தக் கமிஷனை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் விலையை ரொம்பவும் கசக்காதீர்கள். நியாயமான கூலி கொடுத்து, கடை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: “டிக்கெட் எல்லாம் வேண்டாம், அதில் பாதியை என்னிடம் கொடுங்கள், கேட்காத பக்கமாகக் கூட்டிப்போகிறேன்” என்று ஒரு ஆட்டோக்காரர் சொன்னதாக நண்பர் சொல்கிறார். அப்படிப் போகலாமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். டிக்கெட் கேட்காத இடங்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அபயகிரி வட்டாரம், ஜேதவனம், அருங்காட்சியகங்கள் எல்லாம் டிக்கெட்டுக்குள் வருகின்றன. அவற்றை விட்டுவிட்டால் ஊரில் பாதியைப் பார்க்காமல் திரும்புவீர்கள். நடுவில் சோதனை வந்தால் ஆட்டோக்காரருக்குக் கொடுத்ததும் போய், முழு டிக்கெட்டும் எடுக்க வேண்டியிருக்கும். தோண்டியெடுத்ததைப் பராமரிப்பது மத்திய கலாசார நிதியம். அந்த வேலைக்குப் போக வேண்டிய பணத்தைத் தட்டிப் பறிக்க நாம் ஏன் துணை போக வேண்டும்?

பணத்தை மிச்சப்படுத்த நேர்வழியே இருக்கிறது. சார்க் நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த டிக்கெட் பாதி விலை. இந்தியப் பாஸ்போர்ட்டும் அதில் அடக்கம். ஹோட்டலில் பூட்டிவைத்துவிட்டுப் போகாமல் ஒவ்வொருவரும் அசலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்ரீ மகா போதி, இசுருமுனி பாறைக் கோயில், மிகிந்தலை மூன்றுக்கும் தனிக் கட்டணம். “டிக்கெட்டோடு சேர்த்து” என்று யாராவது விலை சொன்னால் இந்த மூன்றும் அதில் சேர்ந்ததா, உங்களுக்குச் சார்க் விலை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். முழு விலையை வசூலித்துப் பாதி விலையில் டிக்கெட் எடுத்தால் மீதி யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட்டை நீங்களே கவுண்டரில் வாங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி.

கேள்வி: கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம் என்று விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா? (வாசகர், மதுரை)

பதில்: போய்வரலாம், பார்க்க முடியாது. ஒரு வழி சுமார் 200 கிலோமீட்டர். நாலு, நாலரை மணி நேரமாவது ஆகும். திரும்பியும் அவ்வளவு. பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் மூன்று மணி நேரம்தான் ஊருக்கு மிஞ்சும். விடியுமுன் எழுந்து, நாள் முழுக்க ஓட்டி, விளக்கமும் சொல்லி, இரவில் திரும்பி ஓட்டுபவர் ஒரே மனிதர். அவர் கண் அசந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அந்த விலைக்கு ஒரு இரவு அங்கேயே தங்கிவிடலாம். யாழ்ப்பாணம் ரயிலில் அனுராதபுரத்தில் இறங்கி, அந்த ஊரிலேயே நாள் வாடகைக்கு வண்டி பேசலாம். ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்று கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்புள்ளை, ஹபரணையில் தங்கியிருந்தாலும் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். அந்தப் பக்கச் சாலைகளில் யானைகள் குறுக்கே வரும். பௌர்ணமியன்று பக்தர் கூட்டம் நிரம்பி வழியும், அதுவும் ஜூன் மாதப் பொசொன் பௌர்ணமியில் கேட்கவே வேண்டாம். கூட்டத்தையே பார்க்க விரும்பினால் அந்த நாள் அழகு. கல்லையும் கட்டடத்தையும் பார்க்க வேண்டுமானால் வேறு நாள்.

கேள்வி: எங்கள் ஊர் ஏஜென்சி ஒன்றில் முழுப் பணமும் கட்டிவிட்டுப் போனோம். “உரிமம் பெற்ற கைடு, ஏழு பேர் வேன், ஐந்து இடங்கள்” என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வந்தது சின்னக் கார். ஓட்டியவருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. ரத்தினக்கல் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார். இரண்டு இடங்கள்தான் பார்த்தோம். ஏஜென்சி “அது அங்கே உள்ளவர்களின் தவறு” என்று கை கழுவுகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், கோவை)

பதில்: உங்களிடம் பணம் வாங்கியவர் கோவையில் இருக்கிறார். சேவை நடந்த இடம் இலங்கை என்பதற்காக அவர் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. அங்கே யாரை அமர்த்தினார் என்பது அவருக்கும் அவர்களுக்கும் இடையிலான விஷயம். எழுதிக் கொடுத்ததற்கும் கிடைத்ததற்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது சேவைக் குறைபாடு.

முதலில் சான்றுகளைச் சேருங்கள். அவர்கள் கொடுத்த திட்டத்தாள், பணம் கட்டிய ரசீது, வந்த காரின் நம்பர் தெரியும் படம், அன்று போனில் எடுத்த படங்கள் போதும். படங்களில் நேரமும் இடமும் பதிந்திருப்பதால், கடையில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள். பிறகு, என்ன குறை, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று பதினைந்து நாள் கெடு வைத்து ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். பல ஏஜென்சிகள் அங்கிருந்து ஒரு அழைப்பு போனதுமே பேச்சுக்கு வந்துவிடும்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. குறை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முழுப் பணத்தையும் கேட்டுப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். விமானமும் ஹோட்டலும் சரியாக இருந்திருந்தால் அந்த ஒரு நாளின் தொகை, அதோடு மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு நியாயமான தொகை என்று கேட்டால் வழக்கு வலுவாக நிற்கும்.

ஏஜென்சி இல்லாமல் இலங்கைக்காரரிடம் நேரடியாகப் பதிவு செய்தவர்கள், அங்கே இருக்கும்போதே சுற்றுலா அதிகார சபையின் 1912 எண்ணில் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் எண் 1977. ஊர் திரும்பிய பிறகு நேரடியாகக் கொடுத்த பணத்தை மீட்பது கடினம். அதனால் முன்பணம் கேட்டால் கிரெடிட் கார்டில் சிறு பகுதி மட்டும் கட்டி, மீதியைப் பயணம் முடிந்ததும் கையில் கொடுங்கள். கார்டில் கட்டியதை வங்கி வழியாக மறுத்துப் புகார் செய்ய வழி இருக்கிறது.

அந்தக் கடையில் கல் ஏதும் வாங்கியிருந்தால் உள்ளூரில் நம்பகமான ரத்தினச் சோதனைக் கூடத்தில் காட்டிச் சான்று வாங்குங்கள். இன்னும் இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பில் உள்ள தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையில் சோதிக்கலாம். அது போலி என்று தெரிந்தால் வழக்கு கடைக்காரர் மேல். அதை ஏஜென்சிப் புகாரோடு போட்டுக் குழப்பாமல் தனியாக எழுதுங்கள்.