எம்35ஏ2 ராணுவ டிரக்: இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கி ஏற்றுதல் – கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 டிரக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இன்ஜினைத் தனியாக இறக்குவது நல்லதா, கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்குவது நல்லதா?

பதில்: இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள். பானெட், கிரில், ரேடியேட்டர் ஆகியவற்றையும் கேபினின் தரைத் தகடுகளையும் கழற்றிவிட்டால், 7.8 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் மல்டிஃப்யூயல் (பலவகை எரிபொருளில் ஓடும்) இன்ஜினும் அதன் பின்னால் உள்ள ஸ்பைசர் நிறுவனத்தின் ஐந்து கியர் கியர்பாக்ஸும் ஒரே தொகுதியாக முன்புறம் வந்துவிடும். கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் தனியாகச் சேஸிஸில் பொருத்தப்பட்டிருப்பதால், இடையிலுள்ள குட்டை புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிரித்தால் போதும். டிரான்ஸ்பர் கேஸைத் தொட வேண்டியதில்லை. முன்புறம் வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) இருக்குமானால், கியர்பாக்ஸிலிருந்து அதற்குச் செல்லும் ஷாஃப்டையும் கழற்ற வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

கேள்வி: ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அதற்கும் இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்கள், மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு உள்ளன; வண்டியிலேயே கழற்றலாம்.

கேள்வி: தூக்குவதற்கு முன் என்னென்ன பிரிக்க வேண்டும்?

பதில்: இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருவதால், முதலில் எர்த் கேபிளை எடுத்துவிடுங்கள். ஏர் டேங்குகளில் காற்றை முழுவதும் வெளியேற்றிய பிறகே கம்ப்ரஸர் குழாயைத் தொட வேண்டும். வயர்களில் எண் பொறித்த உலோக வளையங்கள் இருக்கும் என்றாலும், பழைய வண்டிகளில் அவற்றுள் சில காணாமல் போயிருக்கும். ஆகவே உங்கள் அடையாளச் சீட்டையும் கட்டிவிடுங்கள். செயினின் நீளத்தைச் சரிசெய்து, கியர்பாக்ஸ் பக்கம் தாழ்ந்தும் முன்பக்கம் உயர்ந்தும் வரும்படி தூக்குங்கள். இரண்டு டன்னுக்குக் குறைந்த கிரேனை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: வெளியே எடுத்த பின் இரண்டையும் பிரித்தேன். மீண்டும் சேர்க்கும்போது பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் உறை) அருகே விரல் அகலத்துக்கு இடைவெளி நிற்கிறது. போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாமா?

பதில்: ஒருபோதும் கூடாது. இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பற்களிலோ அந்த ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங்கிலோ சரியாக நுழையாததால்தான் இடைவெளி நிற்கிறது. போல்ட்டால் இழுத்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது ஹவுசிங்கின் காது உடையும். பிளேட்டைப் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டு மையப்படுத்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு கியரில் போட்டு, பின்புற ஃப்ளேஞ்சைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளினால், பற்கள் பொருந்தியதும் தானாக உள்ளே போகும். அதுவரை கியர்பாக்ஸின் எடை ஜாக்கியின் மேலேயே இருக்க வேண்டும். ஒரு நிமிடம்கூட இன்புட் ஷாஃப்டில் தொங்கக் கூடாது. பிரித்ததே பிரித்தீர்கள், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஏற்றியாகிவிட்டது. முதல் ஸ்டார்ட்டை எப்படிச் செய்வது?

பதில்: இந்த இன்ஜினை நிறுத்துவது சாவியன்று, எரிபொருளை அடைக்கும் ஸ்டாப் கேபிள்தான். அது பம்ப்பில் சரியாக இணைந்து, முழுத் தூரமும் நகர்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்விட்சைப் போட்டால் டேங்கிலுள்ள மின்பம்ப் ஓடும். ஃபில்டர்களின் காற்று வெளியேற்றும் திருகுகளைத் தளர்த்தி, குமிழியில்லாமல் டீசல் வரும்வரை காத்திருங்கள். அடுத்து ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் அழுத்தமானியின் முள் எழும்வரை இடைவெளி கொடுத்துக் கொடுத்து ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுழற்றுங்கள். உதவியாளர் ஒருவர் காற்று நுழையும் வாயை மூடத்தக்க கெட்டியான பலகையோடு நிற்கட்டும். ஸ்டாப் கேபிளுக்கும் அடங்காமல் இன்ஜின் கட்டுமீறி ஓடினால் அதை அடக்க வேறு வழி இராது.