டிக்கெட் விலை, குடும்ப இருக்கை பற்றி ரசிகர்கள் சொன்னால் கால்பந்து கிளப் கேட்குமா?

கேட்கும், ஆனால் கூட்டமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் 2016-ல் அதிகபட்ச டிக்கெட் விலையை 77 பவுண்டாக உயர்த்தப் போவதாக அறிவித்தது. அந்தப் பிப்ரவரியில் சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தில், சரியாக 77-வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அப்போது அணி 2-0 என முன்னிலையில் இருந்தது, ஆட்டம் 2-2-ல் முடிந்தது. சில நாட்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு, தங்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க எதிரணி மைதானத்துக்குப் போகும் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் முழுவதும் 30 பவுண்டு உச்சவரம்பும் வந்தது. ரசிகர் சங்கங்கள் பல வருஷம் விடாமல் கேட்டதன் பலன் அது.

சரி, நம்ம கோயம்புத்தூருக்கு வருவோம். சென்னை சிட்டி அணி நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடித்தான் 2018-19-ல் ஐ-லீக் என்ற தேசிய கால்பந்துப் போட்டியை வென்றது. இனி இங்கே எந்தக் கிளப் வந்தாலும், விலையைவிட முதலில் குடும்ப இருக்கையைப் பேசுங்கள் என்பேன். திருப்பூரிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் பிள்ளைகளோடு பஸ் ஏறி வருபவருக்கு டிக்கெட் காசு செலவில் ஒரு பங்குதான். நாலு பேருக்கும் பக்கத்து பக்கத்து சீட், கிட்டத்திலேயே சுத்தமான பெண்கள் கழிப்பறை, வெயில் விழாத பக்கம், கடைசி பஸ்ஸுக்கு முன் முடியும் ஆட்டம்: இவை இல்லையென்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அம்மாக்கள் வர மாட்டார்கள்ங்க. சிறுவர் டிக்கெட்டுக்கு வயது வரம்பு என்ன என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாசலில் வாக்குவாதம் வருவது பெரும்பாலும் அதில்தான்.