ஆகஸ்ட் தரவரிசையை எவ்வளவு நம்பலாம்? ஷெட்யூலை எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஓஹாயோ மாநிலம் கொலம்பஸில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் பிறந்தாலே அலுவலகத்தில் கல்லூரி ஃபுட்பால் (கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) பேச்சுதான். "எங்கள் அணி டாப் 5, பிளேஆஃப் உறுதி" என்கிறார் ஒருவர். "உங்கள் ஷெட்யூலே சப்பை" என்று மடக்குகிறார் இன்னொருவர். சீசன் தொடங்குமுன் வரும் தரவரிசைக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம்? ஷெட்யூல் கடினமா சுலபமா என்று நானே கணக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் ஓர் அணிக்கு அரை மணி நேரம் ஆகும். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த அணி பலசாலி என்பது ஒரு கேள்வி. எந்த அணி அதிக ஆட்டம் ஜெயிக்கும் என்பது வேறு கேள்வி. டிசம்பரில் யாரைப் பிளேஆஃபுக்கு, அதாவது பட்டத்துக்கான கடைசிக் கட்ட நாக்-அவுட் ஆட்டங்களுக்கு, அழைப்பார்கள் என்பது மூன்றாவது. உங்கள் நண்பர்களில் ஒருவர் முதல் கேள்வியின் பதிலை வைத்தே மூன்றாவதுக்கும் பதில் சொல்கிறார், மற்றவர் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார். அதனால்தான் பேச்சு முடிவதே இல்லை.

ஆகஸ்ட் தரவரிசை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லப் பார்க்கிறது, அதுவும் அபிப்பிராயமாக. அசோசியேட்டட் பிரஸ் 1950 முதல் சீசனுக்கு முந்தைய பட்டியலை வெளியிட்டு வருகிறது. அறுபதுக்குச் சற்று மேற்பட்ட விளையாட்டுச் செய்தியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 25 ஓட்டுப்புள்ளி, இரண்டாமிடத்துக்கு 24, கடைசி இடத்துக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் பட்டியல் வந்துவிடும். ஓட்டுப்போடுகிறவர் கையில் இருப்பதெல்லாம் போன வருட முடிவு, திரும்பி வரும் வீரர்கள், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் யார், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்தவர்கள், பயிற்சியாளரின் பெயர், இவ்வளவுதான்.

பட்டியலைப் படிக்கும்போது வரிசை எண்ணை விட்டுவிட்டு ஓட்டுப்புள்ளியைப் பாருங்கள். 2025-ல் டெக்சஸ் முதலிடம், பென் ஸ்டேட் இரண்டாமிடம். இரண்டுக்கும் இடைவெளி வெறும் 5 புள்ளி. முதலிட ஓட்டுகளில் டெக்சஸுக்கு 25, பென் ஸ்டேட்டுக்கு 23. அதாவது யார் முதல் என்பதில் ஓட்டுப்போட்டவர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. புள்ளிகள் நெருங்கி நிற்கும் அணிகளை ஒரே படியில் வையுங்கள். பெரிய இடைவெளி விழும் இடத்தில்தான் அடுத்த படி தொடங்குகிறது.

இந்தப் பட்டியல் எவ்வளவு தேறியிருக்கிறது? கூட்டமாகப் பார்த்தால் நன்றாகவே. 2017 முதல் 2024 வரையிலான எட்டு சீசன்களில் பட்டம் வென்ற ஒவ்வோர் அணியும் ஆகஸ்டில் முதல் 6 இடங்களுக்குள் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் கதை வேறு. 2024-ல் 10-ம் இடத்தில் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்டேட் முதல் ஆட்டத்திலேயே டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் 24-21 என்று தோற்று, 2 வெற்றி 10 தோல்வியில் முடித்தது. 2025-ல் முதலிட டெக்சஸ் 9-3 என்று பிளேஆஃபுக்கே வரவில்லை. இரண்டாமிட பென் ஸ்டேட் வழக்கமான சீசனை 6-6 என்று முடித்து, நடுவழியிலேயே பயிற்சியாளரையும் மாற்றியது. பட்டத்தை 16-0 என்று கொண்டுபோனது ஆகஸ்டில் 20-ம் இடத்தில் இருந்த இண்டியானா. ஆகவே "டாப் 5" என்பதை "பட்டத்துக்குப் போட்டியிடக்கூடிய ஏழெட்டு அணிகளில் ஒன்று" என்று படித்தால் சரி. "பிளேஆஃப் உறுதி" என்று படித்தால் தப்பு.

இன்னொரு வழியிலும் ஆகஸ்ட் எண் ஆளை ஏமாற்றும். 2025-ன் முதல் வாரத்தில் 4-ம் இடத்து கிளெம்சனை அதன் மைதானத்திலேயே எல்.எஸ்.யு. 17-10 என்று வென்றது. "நாலாம் இடத்தை வீழ்த்திய அணி" என்ற பெயரில் 9-லிருந்து 3-க்குப் பாய்ந்தது. கடைசியில் இரண்டு அணிகளும் வழக்கமான சீசனை 7-5 என்றுதான் முடித்தன. ஒரு தப்பான எண் இன்னொரு தப்பான எண்ணைப் பெற்றுவிட்டது. செப்டம்பரில் யாராவது "தரவரிசை அணியை ஜெயித்தோம்" என்றால், அந்த எதிரணி இன்று எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

இனி ஷெட்யூல். ஆகஸ்டில் செய்தித்தளங்களில் சுற்றும் "கடினமான ஷெட்யூல்" பட்டியல்களில் பல, 12 எதிரணிகளின் போன வருட வெற்றி தோல்வியைக் கூட்டிப் போடப்பட்டவை. அந்த முறையை ஒதுக்கிவிடுங்கள். அணிகள் வருடத்துக்கு வருடம் பாதி புதிதாகிவிடுகின்றன. 2-10 என்று முடித்த அதே ஃபுளோரிடா ஸ்டேட்தான் 2025-ல் அலபாமாவுக்கு முதல் எதிரணி. போன வருடக் கணக்கில் அது இனாம் வெற்றி. நடந்தது 31-17 என்று அலபாமாவின் தோல்வி. அந்த ஃபுளோரிடா ஸ்டேட் பிறகு 5-7 என்று முடித்தது என்பதும் உண்மை. ஒரு சனிக்கிழமை ஓர் அணி எப்படி ஆடும் என்பதைப் போன வருட எண் சொல்லாது.

நீங்களே கணக்குப் போடும் முறை இது. ஈ.எஸ்.பி.என்.னின் எஃப்.பி.ஐ. அல்லது எஸ்.பி. பிளஸ் போன்ற ஒரு பல மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வோர் அணிக்கும் ஓர் எண் தரும். சராசரி அணியோடு பொதுவான மைதானத்தில் மோதினால் எத்தனை புள்ளியில் ஜெயிக்கும் என்பதே அதன் பொருள். எதிலாவது ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டைக் கலந்தால் அளவுகோல் கெட்டுவிடும்.

உங்கள் அணியின் எண்ணிலிருந்து எதிரணியின் எண்ணைக் கழியுங்கள். சொந்த மைதானம் என்றால் 2.5 கூட்டுங்கள், வெளியூர் என்றால் 2.5 கழியுங்கள். பொது மைதானம், உதாரணமாக டல்லஸ் காட்டன் பௌலில் டெக்சஸ்–ஓக்லஹோமா, என்றால் அப்படியே விடுங்கள். வரும் வித்தியாசத்தை வெற்றி வாய்ப்பாக மாற்றவேண்டும். கணிப்புக்கும் உண்மை முடிவுக்கும் நடுவே சுமார் 16 புள்ளி திட்டவிலக்கம் (முடிவுகள் கணிப்பிலிருந்து எவ்வளவு சிதறும் என்பதன் அளவு) இருக்கும் என்று கொண்டால், 3 புள்ளி சாதகம் 57%, 7 என்றால் 67%, 14 என்றால் 81%, 21 என்றால் 91%, 28 என்றால் 96%. எதிர்மறை வந்தால் நூறிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அணி 18, எதிரணி 14 என்று வையுங்கள். வெளியூரில் ஆடினால் வித்தியாசம் 1.5, வாய்ப்பு 54%. அதே எதிரணி உங்கள் ஊருக்கு வந்தால் 6.5, வாய்ப்பு 66%. மைதானம் மாறியதற்கே 12 சதவீதம் போகிறது. 2025-ல் முதலிட டெக்சஸ் கொலம்பஸுக்கு வந்தபோது பந்தய மதிப்பீட்டில் 3-ம் இடத்து ஓஹாயோ ஸ்டேட்டுக்குத்தான் சற்றே சாதகம் இருந்தது இதனால்தான். ஆட்டமும் 14-7 என்று அப்படியே முடிந்தது.

கீழ் அடுக்கான எஃப்.சி.எஸ். அணி வந்தால் 98% என்று போடுங்கள், நூறு போடாதீர்கள். 2007-ல் 5-ம் இடத்திலிருந்த மிஷிகனை அதன் மைதானத்திலேயே அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று வென்றிருக்கிறது.

பன்னிரண்டு சதவீதங்களையும் கூட்டி நூறால் வகுத்தால் எதிர்பார்க்கும் வெற்றி எண்ணிக்கை வந்துவிடும். இப்போது அதே 12 ஆட்டங்களை உங்கள் நண்பரின் அணிக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் ஷெட்யூலில் அவர் அணி 9.1 ஜெயிக்கும், அவர் ஷெட்யூலில் 10.2 ஜெயிக்கும் என்று வந்தால், இரண்டு ஷெட்யூலுக்கும் நடுவே ஓர் ஆட்டத்துக்குச் சற்று மேல் வித்தியாசம். "சப்பை" என்ற சொல்லுக்கு இதைவிடத் திட்டமான அர்த்தம் கிடையாது.

யாருக்குக் கடினம் என்று கேட்காமல் கடினம் என்று சொல்லவே கூடாது. 14 எண் உள்ள எதிரணி சொந்த மைதானத்துக்கு வருகிறது. 24 எண் உள்ள அணிக்கு அது 78% வெற்றி, 2 எண் உள்ள அணிக்கு 28%. எதிரணியின் எண் -10 என்றால் முன்னதுக்கு 99%, பின்னதுக்கு 82%. உச்சத்தில் இருக்கும் அணிக்கு அடிமட்ட எதிரணி எத்தனை பேர் வந்தாலும் கணக்கு அசையாது, இரண்டு மூன்று பெரிய ஆட்டங்கள்தான் எல்லாம். நடுத்தர அணியின் சீசனைத் தீர்மானிப்பதோ நடுத்தர எதிரணிகள்தான்.

சராசரியும் ஒரு பொறி. ஓர் அணிக்கு 4 ஆட்டம் சரிபாதி வாய்ப்பு, மீதி 8 ஆட்டம் 98%. இன்னொன்றுக்கு 12 ஆட்டமும் 82%. இரண்டும் கூட்டினால் 9.84 வெற்றிதான். பத்து அல்லது அதற்கு மேல் ஜெயிக்கும் வாய்ப்பும் இரண்டுக்கும் சுமார் 63%. தோல்வியே இல்லாமல் முடிக்கும் வாய்ப்பு மட்டும் முதல் அணிக்கு 5%, இரண்டாவதுக்கு 9%. நாலே அணிகள் போன காலத்தில் இந்த வித்தியாசம் உயிரானது. 2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள், பெரிய கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடி ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் அணிகளின் கூட்டமைப்பு) அணிக்குப் பொதுவாக 10-2 இருந்தால் பேச்சில் இருக்கலாம். அதனால் இன்று தோல்வி எத்தனை என்பதோடு யாரிடம் தோற்றார்கள் என்பதும் சம எடை பெறுகிறது. முதல் அணியின் தோல்விகள் பெரும்பாலும் பலசாலிகளிடம்தான் இருக்கும், இரண்டாவதின் தோல்விகள் அப்படி இருக்காது.

எண்ணில் வராத ஒன்று ஆட்டங்களின் வரிசை. 2025 பென் ஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நெவாடா, எஃப்.ஐ.யு., வில்லனோவா என மூன்று சுளுவான ஆட்டங்கள், எல்லாம் சொந்த மைதானத்தில், மொத்தம் 132-17. அணியின் குறை ஒன்றுகூட அதில் வெளியே தெரியவில்லை. பிறகு ஒரு வாரம் ஓய்வு, அடுத்து ஆரிகன், இரண்டாவது ஓவர்டைமில் 30-24 தோல்வி. அந்த அடி ஆறுமுன் நாட்டின் மறுகோடிக்குப் பறந்து பசடீனாவில் யு.சி.எல்.ஏ.வைச் சந்தித்தார்கள். அதுவரை நாலும் தோற்றிருந்த அணி அது. 42-37 என்று அங்கேயும் தோல்வி. தாளில் அந்த ஆட்டம் 90%-க்குக் குறையாது. ஆகவே கணக்கு முடிந்ததும் தேதிகளைப் பாருங்கள். பெரிய ஆட்டத்துக்கு மறுவாரம் நீண்ட பயணம், தொடர்ந்து இரண்டு வெளியூர் ஆட்டம், ஓய்வு வாரம் முடித்துத் தயாராக வரும் எதிரணி, இவை வந்தால் இரண்டு மூன்று சதவீதம் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் அது உங்கள் பயம்தான் பேசுகிறது.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பிளேஆஃபைத் தீர்மானிக்கும் 13 பேர் கொண்ட தேர்வுக்குழு ஆகஸ்ட் பட்டியலை எடுத்துக்கொள்வதில்லை. நவம்பர் தொடக்கத்தில்தான் தன் முதல் பட்டியலை வெளியிடுகிறது. 2024, 2025 சீசன்களில் மிக உயர்ந்த தரம் பெற்ற 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் போனார்கள், மீதி 7 பேர் பொதுத் தேர்வு. 2025 முதல் குழுவின் ஷெட்யூல் அளவையில் பலமான எதிரணிகளுக்கு எடை கூட்டப்பட்டது. புதிதாக ஓர் அளவையும் சேர்ந்தது: நல்ல அணியை ஜெயித்தால் அதிகப் பலன், நல்ல அணியிடம் தோற்றால் சிறு இழப்பு, நோஞ்சான் அணியை ஜெயித்தால் சொற்பப் பலன், அதனிடம் தோற்றால் பெரிய அடி.

அந்த வருடமே இது சோதனைக்கு வந்தது. நோட்டர் டேம் முதல் ஆட்டத்தில் மயாமியிடம் 27-24, அடுத்ததில் டெக்சஸ் ஏ அண்டு எம்.மிடம் 41-40. இரண்டும் சேர்த்து 4 புள்ளியில் இரண்டு தோல்வி. பிறகு தொடர்ச்சியாகப் பத்து வெற்றி. மயாமியும் 10-2. கடைசி இடம் மயாமிக்குப் போனது, நேருக்கு நேர் வென்றதுதான் தராசைச் சாய்த்தது. கடினமான ஆட்டங்கள் முதல் இரண்டிலேயே தீர்ந்துபோனதால், மீதி மூன்று மாதத்தில் அந்தத் தோல்விகளை ஈடுகட்டும் அளவுக்குப் பெரிய வெற்றி ஒன்றைத் தேட நோட்டர் டேமுக்கு இடமே இருக்கவில்லை. ஷெட்யூல் பார்க்கும்போது அக்டோபர் நடுவுக்குப் பிறகு பெரிய ஆட்டம் மிச்சம் இருக்கிறதா என்று குறித்துவைப்பது இதற்காகத்தான்.

கான்ஃபரன்ஸ் வாதம் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஆகஸ்ட் பட்டியலில் எஸ்.இ.சி. என்ற ஒரே கான்ஃபரன்ஸின் அணிகள் 10. அவை ஒன்றோடொன்று மோதும்போது எல்லா ஆட்டமும் "தரவரிசை அணியோடு" என்றே எழுதப்படும். ஜெயித்தவர் ஏறுவார், தோற்றவர் அதிகம் இறங்கமாட்டார். அந்த வட்டத்தை உடைக்கக் கான்ஃபரன்ஸுக்கு வெளியே நடந்த ஆட்டங்களை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். 2025 வரை எஸ்.இ.சி. 8 கான்ஃபரன்ஸ் ஆட்டங்களே ஆடியது, இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸான பிக் டென் 9. 2026 முதல் எஸ்.இ.சி.யும் 9. பழைய சீசன்களை ஒப்பிடும்போது இந்த ஓர் ஆட்டத்தை மறந்தால் கணக்கு பிசகும்.

உங்கள் தாளை ஆகஸ்டில் ஒருமுறை எழுதுங்கள். நாலாவது வாரம் முடிந்ததும் புதிய மதிப்பீட்டு எண்களோடு மறுபடி போடுங்கள். ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஆகஸ்ட் தரவரிசையைத் தாளிலிருந்தே அடித்துவிடலாம். நவம்பரில் குழுவின் முதல் பட்டியல் வந்ததும் அதைப் பக்கத்தில் வைத்து, 9-லிருந்து 14 வரை உள்ள அணிகளுக்கு மீதமிருக்கும் நாலைந்து ஆட்டங்களின் வாய்ப்பை மட்டும் கூட்டுங்கள். அலுவலகத்தில் டிசம்பர் வரை நடக்கப்போகும் வாக்குவாதம் முழுவதும் அந்த ஆறு வரிகளுக்குள்தான் இருக்கும்.