வகுப்பு நடுவே அணைந்துவிடும் லேப்டாப்

வணக்கம். சார்ஜர் செருகியிருந்தும் உங்கள் மகளின் ஜூம் வகுப்பு நடுவே லேப்டாப் பட்டென்று அணைகிறது, அடிப்பக்கம் கொதிக்கிறது, ஆறிய பிறகுதான் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இது சூட்டுப் பிரச்சினைதான். பிராசஸர் 100 டிகிரியை ஒட்டிப் போனால், கருகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் வியூவரில் நீங்கள் பார்த்த 41 என்ற எண்ணுக்குப் பயப்பட வேண்டாம். முறையாக அணையவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

முதலில் மெத்தையில் வைப்பதை நிறுத்துங்கள். அப்புறம், வாரண்டி முடிந்திருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறங்கள். விசிறி சுத்தமாகத் தெரிந்தாலும் விட்டுவிடாதீர்கள். விசிறிக்கும் காற்று வெளியேறும் துவாரத்துக்கும் இடையே மெல்லிய உலோகத் தகடுகள் நெருக்கமாக இருக்கும். ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும் நம் சிங்கப்பூர் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடுகளில் தூசி அங்கேதான் கம்பளி மாதிரி படியும். பல்குத்தும் குச்சியால் விசிறியைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்று அடைத்த டின்னால் அந்தத் தகடுகள் மீது விட்டு விட்டு அடியுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால், டச்பேட் மேலே தூக்கியிருந்தால், தயவுசெய்து எதையும் தொடாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். நேராகக் கடைக்குப் போங்கள்.

சுத்தம் செய்தும் அணைந்தால் பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த உதவும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதியில் மாற்றித் தருவார்கள். விலையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் மகளின் பாடங்களை வேறொரு டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.