கொக்கின் வெள்ளை

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளியில் பதினாறு வருடமாக ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். என் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். எனக்கு மிஞ்சுவது ஆண்டுவிழாத் தட்டி எழுதுவது. அயர்லாந்தின் நீர்வண்ண ஓவியர் ஆண்ட்ரூ நிக்கல் கொழும்புக்கு வாத்தியாராகப் போனார் என்று படித்தேன். அவரும் என்னைப் போல வீணாய்ப் போனவர்தானே? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையலாமா? என் கொக்குப் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

ஒரு வாரமாக நிக்கலின் படங்களைத்தான் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெயரைப் பார்த்ததும் சந்தோஷம். 'வீணாய்ப் போனவர்' என்பதைப் படித்ததும் எரிச்சல்.

1804இல் பெல்ஃபாஸ்டில் பூட்ஸ் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர் அவர். அச்சகத்தில் தொழில் பழகினார். 1828இல் ஆண்ட்ரிம் கடற்கரையை மட்டும் 101 படங்களாக வரைந்தார். லண்டனில் ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் முதலானவர்களின் படங்களைப் பார்த்து வரைந்தே கை பழகினார். கொழும்பு அகாடமிக்கு, அதாவது இன்றைய ராயல் கல்லூரிக்கு, அவர் போனது 1846இல். அந்த வேலை இல்லையென்றால் இலங்கைக் காட்டுக்குள் கிடந்த இடிந்த கோயில்களையும் குளங்களையும் தாதுகோபங்கள் என்னும் பௌத்தத் தூபிகளையும் அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? 1848இல் ஐந்து வாரம் சுற்றி வரைந்தார், 1852இல் அதை டப்ளின் பத்திரிகை ஒன்றில் எழுதினார், 1860இல் அயர்லாந்தின் கலை அமைப்பான ராயல் ஹைபர்னியன் அகாடமியின் முழு உறுப்பினரானார். கணக்கு வாத்தியார் மேல் உள்ள கோபத்தை நிக்கல் தலையில் கட்டாதீர்கள்.

(அந்த 1848 பயணத்தின்போதுதான் இலங்கையில் ஆங்கிலேய ஆட்சியின் வரிகளை எதிர்த்து மாத்தளைக் கலகம் வெடித்தது. நாய்க்கும் துப்பாக்கிக்கும் வரி போட்ட அரசின் காலனியச் செயலாளர் எமர்சன் டெனன்ட்தான் நிக்கலின் புரவலர். அது இன்னொரு நாளைக்கு.)

அவருடைய பூக்கரைப் படங்களைப் பாருங்கள். அயர்லாந்தின் டெர்ரி நகரம் எங்கோ தூரத்தில் இருக்கும். நாம் புல்லில் குப்புறப் படுத்துப் பார்ப்பதுபோல முன்னால் காட்டுப்பூக்கள் ஊரைவிட உயரமாக நிற்கும். கரும்பச்சைக்கு நடுவே மயிரிழை போல வெள்ளைத் தண்டுகள். சாயம் காய்ந்தபின் கூர்முனையால் சுரண்டி, அடியிலிருந்த தாளையே தண்டாக்கியிருக்கிறார்.

எங்கள் டிராயிங் மாஸ்டர் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இருக்கும், அதற்குள் அரை பிளேடு. எட்டாம் வகுப்பில் குளத்து நிலா வெளிச்சத்துக்கு வெள்ளை போஸ்டர் கலரை அப்பினேன். நங்கென்று ஒரு குட்டு. ஈரப்பஞ்சால் வெள்ளையைத் துடைத்தெடுத்து, மறுபடி நீலம் பூசி, ஜன்னல் வெயிலில் காயவைத்தார். அவரும் பக்கத்திலேயே நின்றார். அப்புறம் பிளேடைப் படுக்கவைத்து நாலே இழுப்பு. துகளை வாயால் ஊதினார். தண்ணீர் மினுங்கியது. "வெள்ளையக் கடையில வாங்காதடா, தாள்லயே இருக்கு" என்றார். அவர் படங்கள் எந்தக் கண்காட்சிக்கும் போனதில்லை.

உங்கள் வயல் அருமை. அந்த வரப்பு வளைவு எனக்குச் சத்தியமாக வராது. ஆனால் பதினாறு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கொக்குக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கலாமா? கொக்கு நிற்கிற இடத்தைத் தொடாமல் சுற்றிப் பச்சையைப் பூசுங்கள். கைதவறிக் கழுத்தில் ஏறிவிட்டதா, நன்றாகக் காயவிட்டுச் சுரண்டுங்கள். அவசரப்பட்டு ஈரத்தில் கீறினால் சாயம் கீறலுக்குள் இறங்கி, வெள்ளைக்குப் பதில் கறுப்புக்கோடு விழும். பொறுமை வேண்டும் ஐயா, பொறுமை.

வேலையை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பிளேடு தாங்க வேண்டுமென்றால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாள் வேண்டும். கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்து ராஜினாமா எழுதுங்கள்.